பெட்டி உடைக்காத கப்பித்தான்

என் வயதுக்காரர் பலருக்கு இப்போது பொம்மைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. ஒன்றாகப் படித்தவர்கள், கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள், தலையில் இரண்டொரு நரை கண்டவர்கள், படங்களில் வந்த வீரர்களின் பொம்மைகளைப் பெட்டியோடு வாங்கிச் சேர்க்கிறார்கள். கண்ணாடித் தட்டில் அடுக்கி, சின்ன விளக்குப் போட்டு, படமெடுத்துக் குழுவில் அனுப்புகிறார்கள். அதற்குக் கீழே பெரிய விவாதம் நடக்கும். முழங்கை மடியுமா, முகம் நடிகரைப் போலவே இருக்கிறதா, உடுப்பு துணியா வார்ப்பா, பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா. பாராளுமன்றத்தில்கூட இவ்வளவு பொறுப்பாகக் கதைப்பார்களோ தெரியாது.

போன மாதம் ஒருவன் எனக்குத் தனியாக எழுதினான். "மச்சான், புதுசு ஒண்டு வந்திருக்கு. மகன் பெட்டியை உடைச்சுத் தரச்சொல்லி அழுறான். உடைக்கிறதோ, அப்பிடியே வைக்கிறதோ? நீ படிச்சவன், ஒரு முடிவு சொல்லு."

பகிடியாகத்தான் கேட்டான். பொம்மை விஷயத்தில் இப்படி ஒரு முடிவை என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் அப்பா. அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றைக்கு உடனே பதில் சொன்னேன்.

சண்டைக் காலம் அது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு குறுக்கு ஒழுங்கையில் குடியிருந்தோம். கடலுக்கடியால் யாரும் நீந்தி வந்து கப்பல்களுக்கு ஏதாவது செய்துவிடக் கூடாதென்று தண்ணீருக்குள் இடைக்கிடை சின்ன வெடி போடுவார்கள். காதால் கேட்பதைவிடக் காலால் கேட்கிற சத்தம். நிலத்துக்குக் கீழே யாரோ கதவைத் தட்டுவது போல வரும். கட்டிற்காலில் ஏறி, அம்மாவின் கண்ணாடி அலுமாரிக்குப் போய், பாவிக்காத தேத்தண்ணிக் கோப்பைகளைக் கிணுகிணுக்கப் பண்ணும். அதற்கு நாங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. கன நேரம் வெடி கேட்காவிட்டால்தான் அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்.

அப்பாவுக்குத் தானியக் கப்பல்களில் வேலை. கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, உறிஞ்சுகுழாய் எட்டாத மூலைகளில் கிடக்கும் கோதுமையைச் சவளால் வாரித் தள்ள வேண்டும். வீட்டுக்கு வரும்போது கண்ணிமையிலும் காது மடலிலும் தூசி படிந்திருக்கும். கிணற்றடியில் சேட்டை உதறினால் புளித்த மா மணக்கும். இன்றைக்கும் பேக்கரி ஒன்றைக் கடந்து போனால் எனக்குப் பசிப்பதில்லை, அப்பா வந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன். அப்பா கைநாட்டு. அம்மா நிறத்தைப் பார்த்து பஸ் ஏறுவார். மருந்துப் போத்தல், குடும்ப அட்டை, கந்தோர்க் கடிதம், எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பு வாத்தியாரின் குரலில் வாசிப்பேன். அப்பா கடதாசியைப் பார்க்கமாட்டார். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய சேட்டுப் பையில் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு பாஸ் இருக்கும். அது இல்லாமல் துறைமுகக் கேற்றைத் தாண்ட ஏலாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆட்களை வேலைக்குச் சேர்த்துக் கொடுக்கிற ஒரு கந்தோர் இருந்தது. அங்கே இருந்த கிளாக்கர் ஐயாதான் பெயர்களை எழுதி மேலே அனுப்புகிறவர். மேலே என்றால் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனபடியால் எல்லோருக்கும் கிளாக்கர் ஐயாதான் மேலே.

அந்த வருடம் கச்சான் காற்று மோசம். வீட்டுக் கூரைத் தகரம் பகல் முழுக்க முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. அப்போது வந்த ஒரு கப்பலின் சமையற்காரன், பிலிப்பைன்ஸ் நாட்டவன், அப்பாவோடு கூட்டாகிவிட்டான். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை ஒன்றும் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலில் இருந்த சூடை மீன் பொரியல்தான் அவர்களுடைய பாஷை. கப்பல் வெளிக்கிடுகிற அன்றைக்கு அவன் தன் பிள்ளைகளின் படத்தைக் காட்டி, உனக்கு எத்தனை என்று கையால் கேட்டிருக்கிறான். அப்பா ஒரு விரலைக் காட்டி, நெஞ்சளவு உயரம் காட்டினாராம். அவன் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

பையில் இரண்டு பொம்மைகள். காவலரணில் இறக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காவலில் நின்றவன் ஒன்றின் கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, தனக்கே சலியூட் அடிக்கப் பண்ணி, பக்கத்தில் நின்றவனுக்கும் காட்டினானாம்.

"என்ன பேசாம விட்டிட்டினமோ?" என்று அம்மா கேட்டார்.

"அவனுக்குத் திருப்பித் தர மனமில்லையப்பா. பொடியன்தானே அவனும்."

ஒன்றின் பெட்டியில் மற்றதையும் அச்சடித்திருந்ததால் இரண்டும் ஒரே படத்தில் வந்த ஆட்கள் என்று தெரிந்தது. என்ன படம் என்று எங்களுக்குத் தெரியாது. வீடியோ கடைக்காரரிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. ஒன்று பெட்டி இல்லாமல் வந்தது. குட்டையான ஒரு சுழியோடி. தலையில் பித்தளை நிறக் கோளம், நெஞ்சில் குழாய்கள், ஈயக் குண்டு போன்ற சப்பாத்து. சமையற்காரனுடைய மகன் விளையாடிய பொம்மையாக இருக்க வேண்டும், கோளத்தின் முன்பக்கம் வண்ணம் போயிருந்தது. மற்றது பெட்டிக்குள், கண்ணாடி மாதிரி ஒரு தாளுக்குப் பின்னால் நின்றது. நீலத் துணியில் நீளக் கோட்டு, விரல் நீளத்தில் வாள், ஒவ்வொரு மயிராகக் கீறிய தாடி. நாங்கள் அவனைக் கப்பித்தான் என்றோம். மற்றவனைச் சுழியோடி என்று ஒருமுறைதான் கூப்பிட்டேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டார்.

"விசரே உனக்கு? இந்த ஊரில நிண்டு அந்தப் பேரைக் கத்திறாய்! தண்ணிக்கு அடியால வாற ஆக்களைத்தானே தேடித் திரியினம்."

ஆனபடியால் அவன் பித்தளைத் தலையன் ஆனான்.

கப்பித்தானை அம்மா அன்றே அலுமாரிக்குள் வைத்துவிட்டார். எங்கள் பக்கத்து வீடுகளில் அதுதான் வழக்கம். நல்ல சாமான் வந்தால் அதன் உறை கழற்றப்படாது. சவூதியிலிருந்து வந்த வாசனைப் போத்தல் சீல் உடையாமல் நிற்கும். பக்கத்து வீட்டில் ஒரு பொம்மைப் பெண் பிளாஸ்ரிக் பையோடு பத்து வருடம் மூச்சுத் திணறிக்கொண்டு நின்றாள். உடைத்துவிட்டால் அது வீட்டுச் சாமான் ஆகிவிடும். உடைக்காத மட்டும் வந்தவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்லலாம். கப்பித்தானைப் பார்க்க ஒழுங்கையே வந்தது. அம்மா ஒவ்வொருவருக்கும் அலுமாரியைத் திறக்காமலே காட்டினார்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான், இரண்டு வீடு தள்ளி. அவனுடைய வாப்பாவுக்கு மூதூர் போகிற லோஞ்சுப் படகில் வேலை. நாங்கள் இரண்டு பேரும் பொம்மைகளுக்குப் பரீட்சை வைத்தோம். நான் கொப்பியில் கோடு போட்டு, பள்ளிக்கூட அறிக்கை மாதிரிப் புள்ளி எழுதினேன். பித்தளைத் தலையனுக்குச் செய்முறைப் பரீட்சை. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகளை எண்ணினோம். மதிலிலிருந்து போட்டோம். உப்புத் தண்ணிக்குள் ஒரு பகல் முழுக்க வைத்தோம். கூட்டாளி பல்லால் கடித்து, "டேய், பல்லுத்தான் நோகுது" என்றான். எல்லாவற்றையும்விட முக்கியமானது வெடிப் பரீட்சை. விறாந்தைச் சீமெந்தில் அவனை ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். துறைமுகத்துக்குள் டும் என்று விழும். தரை ஒருமுறை உதறும். பித்தளைத் தலையன் சற்று ஆடுவான், நிற்பான்.

"நூத்துக்கு நூறு!" என்று கூட்டாளி கத்துவான்.

கப்பித்தானுக்கு எழுத்துப் பரீட்சை மட்டும்தான். அம்மா கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்து பெட்டியை மடியில் வைத்துப் படித்தோம். முழங்கால் மடியாது. கை மணிக்கட்டில் மட்டும் திரும்பும். கோட்டுக்குக் கீழே மெல்லிய கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு வெடி விழுந்தபோது பெட்டிக்குள்ளேயே கணுக்காலில் ஆடினான். நிற்பதற்குத் தனியாக ஒரு கறுப்பு வட்டத் தட்டு வைத்திருந்தார்கள்.

"இவன் தாங்கமாட்டான் மச்சான்," என்றான் கூட்டாளி. "இவன் பாக்கிறதுக்கு. உன்ர ஆள் அடிபடுறதுக்கு."

பெட்டியின் முதுகில் கீழே எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. பள்ளிக்கூடத்தில் கிடைத்த அகராதியை வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் தேடி, ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தேன். கடைசியில் தெரிந்தது இதுதான்: பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சேகரித்துப் பார்வைக்கு வைப்பதற்கு. மெல்லிய பாகங்கள் முறியலாம், குத்தலாம். இது விளையாட்டுப் பொருள் அல்ல.

அந்தக் கடைசி வரி புரிந்தபோது எனக்குச் சந்தோசம், பெரிய புளுகம். ஆங்கிலத்தில் முழு வசனம் ஒன்றை நானாகத் திறந்தது அதுதான் முதல் தடவை. கூட்டாளிக்கு மட்டும் சொன்னேன்.

பாஸ் முடிய மூன்று கிழமை இருந்தபோது, இந்தமுறை ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. அப்பா வேலை முடிந்து வந்து குளிக்காமல் கதிரையில் இருந்தார். அவர் குளிக்காமல் கதிரையில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கிளாக்கர் ஐயா என்ன சொல்லுறார்?" என்று அம்மா கேட்டார்.

"பாப்பம் எண்டார். போன முறையும் பாப்பம் எண்டவர்தான். ஆனா முகத்தைப் பாத்துச் சொன்னவர். இந்தமுறை பேப்பரைப் பாத்துக்கொண்டு சொன்னார்."

மற்றவர்கள் ஐயா வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். கந்தளாய்ப் பக்கத்து ஆள் ஒருவர் அரிசி மூட்டை இறக்கினாராம். இன்னொருவர் பாரை மீன். எங்களிடம் என்ன இருந்தது? ஐயாவின் கடைசி மகனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து வயது நிறைகிறதாம்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். பித்தளைத் தலையன் என் கையில்தான் இருந்தான்.

"தம்பி, நீதான் வாசிக்கிறனி. இந்த ரெண்டிலயும் எது நல்ல சாமான்? எதைக் குடுக்கலாம்?"

அம்மா முந்திக்கொண்டார். "சின்னப் பிள்ளைதானேயப்பா. கைகால் ஆட்டுறதைக் குடுங்கோவன். அதுதான் விளையாடும். மற்றது அலுமாரியில நிக்கட்டும்."

அம்மா சொன்னது முழுக்கச் சரி. எழுத்துத் தெரியாமலே அவர் கண்டுபிடித்ததைத்தான் நான் கொப்பியில் கோடு போட்டுக் கண்டுபிடித்திருந்தேன். ஆனால் பித்தளைத் தலையனின் விரல்கள் என் உள்ளங்கைக்குள் இருந்தன.

"அம்மா, இது பெட்டி இல்லாதது. பழசு," என்றேன். "ஆரோ விளையாடினது. வண்ணமும் போட்டுது. ஐயா வீட்டுக்குப் பழசைக் குடுக்கிறதோ?"

அப்பா நிமிர்ந்தார். "அதுவும் சரிதான்."

"பெட்டி உடைக்காததுதான் பெறுமதி அப்பா. அதில எழுதியிருக்கு, வளந்த ஆக்களே சேர்த்து வைக்கிற சாமானாம்."

"அப்பிடியோ எழுதியிருக்கு?"

"ஓம்."

முதல் இரண்டு வரியைத்தான் அப்படிச் சொன்னேன். மற்ற இரண்டையும், முக்கியமாகக் கடைசி வரியை, வாசிக்கவில்லை. மறந்து அல்ல. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பித்தளைத் தலையன் போய்விடுவான் என்று தெரிந்ததால் விழுங்கினேன். பிள்ளைகள் யோசிக்காமல் செய்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

அம்மா கப்பித்தானைத் துடைத்து, பழைய காலண்டர்த் தாளில் சுற்றிக் கொடுத்தார். அலுமாரியில் அந்த இடம் தூசியில்லாமல் நாற்சதுரமாகத் தெரிந்தது. கொடுத்துவிட்டு வந்த அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. ஐயாவின் பெண்சாதி பெட்டியைப் பார்த்து, "வெளிநாட்டுச் சாமான்" என்றாராம். அதை அப்பா அன்றைக்கு மூன்று தரம் சொன்னார்.

திங்கட்கிழமை கந்தோர் வாசலில், வேலைக்கு வந்த ஆட்களுக்கு முன்னால், ஐயா அப்பாவை ஏசியிருக்கிறார். பிள்ளை பெட்டியை உடைத்து எடுத்துக் கையைத் தூக்கிய உடனேயே கை கழன்றுவிட்டதாம். உள்ளே இருந்த கம்பி உள்ளங்கையில் குத்தி இரத்தமாம். பிறந்தநாள் வீட்டில் அழுகையாம். உடைந்த சாமானைப் பெட்டிக்குள் ஒட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குப் பாஸைவிட அந்தச் சொல் பெரிதாகிவிட்டது. "உடைஞ்ச சாமானாம். நான் ஏமாத்தினானாம். எல்லாருக்கும் முன்னால," என்று கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்தார். பிறகு என் முன்னால் குந்தினார்.

"தம்பி, நல்லா யோசிச்சுப் பார். அந்தப் பெட்டியில வேற ஏதும் எழுதியிருந்ததோ? புதுச் சாமான் எண்டு, உடைஞ்சதில்லை எண்டு?"

நான் சொல்லிவிட்டேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். "விளையாடக் குடுக்கக் கூடாதெண்டு எழுதியிருந்தது அப்பா. கடைசி வரியில."

நான் அடியை எதிர்பார்த்தேன். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"எழுதியிருக்கோ? அச்சில?"

"அச்சிலதான்."

"பின்ன என்ன! எங்கட பிழை ஒண்டுமில்லையே. அச்சில இருக்கெண்டால் ஆர் மறுக்கிறது? சேட்டைப் போடு, வா. ஐயாவுக்கு முன்னால அதை அப்பிடியே வாசிச்சுக் காட்டு."

அதுதான் எங்கள் பிழை. படிக்காத ஒரு மனிதர் மட்டும்தான் அச்செழுத்தை அவ்வளவு நம்புவார், படிக்கத் தொடங்கிய ஒரு பிள்ளை மட்டும்தான் அவரோடு கூடப் போகும். முதல் முறையாக என் படிப்பால் ஒரு வேலை ஆகப் போகிறது என்று நானும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, தலைக்குத் தண்ணி வைத்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஐயாவின் விறாந்தையில் நாங்கள் நின்றோம். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஐந்து வயதுப் பிள்ளை கையில் வெள்ளைத் துணிக் கட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது.

"ஐயா, குறை நினையாதேங்கோ. அந்தப் பெட்டி கிடக்கோ?" என்று அப்பா கேட்டார். "என்ர மகன் அதை வாசிப்பான். அவன் இங்கிலீசும் வாசிப்பான்."

பெண்சாதி அடுப்படியில் எரிக்கப் போட்டிருந்த பெட்டியை எடுத்துவந்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். நாலு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தமிழிலும் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. "இது விளையாட்டுப் பொருள் அல்ல."

அப்பா என் வாயிலிருந்து கண்ணை எடுத்து ஐயாவைப் பார்த்தார். "பாத்தீங்களே ஐயா. உடைஞ்ச சாமான் இல்லை. விளையாடினதாலதான் உடைஞ்சது."

ஐயா பெட்டியை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். அவசரப்படவில்லை.

"அப்ப, சின்னப் பிள்ளையள் தொடக் கூடாத சாமான் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் என்ர பிள்ளைக்குத் தந்தனீர்?"

அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"இல்லை ஐயா. எனக்கு வாசிக்க ஏலாதே."

"மகனுக்கு ஏலும்தானே. இவ்வளவு வடிவா வாசிக்கிறான். குடுக்க முதல் வாசிக்கேல்லையோ?"

அப்போதுதான் அப்பா என் பக்கம் திரும்பினார். நான் நிலத்தைப் பார்த்தேன். சிவப்புச் சீமெந்து, நன்றாக மினுக்கியிருந்தது, என் முகம் கலங்கலாகத் தெரிந்தது. துறைமுகப் பக்கம் ஒரு வெடி விழுந்து, தரை மெல்ல உதறியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

"வாசிச்சவன் ஐயா," என்றார் அப்பா. "பிள்ளை எனக்கு முழுக்க வாசிச்சுச் சொன்னவன். நான்தான் கவனிக்கேல்ல. என்ர பிழை."

ஐயா பெட்டியைத் தரையில் வைத்தார். "சரி, போயிட்டு வாரும்," என்றார்.

திரும்பி வரும்போது வெயில் தலையில் இறங்கியது. மடத்தடிச் சந்தி தாண்டும்வரை அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பிறகு கேட்டார்.

"முதலே பாத்தனியோ அந்த வரியை?"

"ஓம்."

"ம்." கொஞ்சத் தூரம் போய், "நிழலால வா," என்றார். அவ்வளவுதான். அந்த வருடத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை. அடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

அன்று பின்னேரமே பித்தளைத் தலையனைச் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு தனியாக ஐயா வீட்டுக்குப் போனேன். ஐயா இல்லை. பெண்சாதி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலயும் ஏதும் எழுதியிருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிள்ளை பறித்துக்கொண்டு மணலுக்கு ஓடியது. ஒரு கையில் கட்டு இருந்ததால் மற்றக் கையால் எறிந்தது, எடுத்தது, திரும்ப எறிந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பெண்சாதி படலைவரை வந்து, "ஐயாவுக்குச் சொல்லமாட்டன். திரும்பவும் சாமான் வாங்கினதெண்டு என்னைத்தான் ஏசுவார்," என்றார். ஆகவே அது கொடுத்தும் கொடுக்காத சாமானாகப் போயிற்று.

இப்போது நான் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். பெயர்ப் பட்டியல்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. கிளாக்கர் ஒருவரால் ஒரு பெயரைச் சேர்க்க ஏலுமே தவிர, வெட்டுப்படாமல் காப்பாற்ற ஏலாது என்று தெரியும். அப்பாவின் பாஸ் பட்டியலும் எங்கேயோ, எங்கள் ஒழுங்கையைக் கண்டிராத ஒருவரின் பேனாவில் முடிந்திருக்கும். அரிசி மூட்டைக்காரருக்கும் அந்தமுறை பாஸ் வரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஐயா அப்பாவின் பெயரை எழுதி அனுப்பினாரா, எழுதாமலே விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. இனி ஒருவரிடமும் கேட்கவும் ஏலாது. அப்பா பிறகு கந்தளாய்ப் பக்கம் வயல் வேலைக்குப் போனார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். சேட்டில் மா மணம் இல்லாமல் சேற்று மணம் வரும். கடைசிவரை அதுவே அவருடைய மணமாக இருந்தது.

அந்தமுறைப் பாஸ் பட்டியல் ஒட்டிய காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அப்பா கூட்டிக்கொண்டு போனார். கேற்றுக்கு வெளியே ஒரு பலகையில் மூன்று தாள் ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த பெயர்கள். ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், அதில் பாதிப் பேர் அப்பாவைப் போல எழுத்துத் தெரியாதவர்கள்.

"வழி விடுங்கோ, என்ர மகன் வாசிப்பான்," என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

ஒருவர் என்னைத் தூக்கி ஒரு பெட்டியில் ஏற்றினார். "தம்பி, பிலத்து வாசியும். எங்களுக்கும் கேக்கட்டும்."

முதல் தாளிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்துக்குள் ஒரு மூச்சு வந்தது. பெயர் வந்தவர் விலகிக் கேற்றுப் பக்கம் போனார். ஒருவர் போகும்போது என் முழங்காலைத் தட்டிவிட்டுப் போனார், நான் ஏதோ கொடுத்தது போல. மூன்றாவது தாள் முடிந்தபோது பாதிப் பேர் மிஞ்சியிருந்தார்கள். அப்பா என் காலடியில் நின்றார்.

"இன்னொருக்கா வாசி," என்றார். "மேலயிருந்து."

வாசித்தேன். இந்தமுறை ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரலை வைத்து வாசித்தேன். அப்பாவின் பெயர் போன்ற ஒரு பெயர் இரண்டாம் தாளில் இருந்தது. முதல் எழுத்து வேறு. அந்த இடத்தில் விரல் நின்றது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை அப்பாவின் பெயராகவே வாசித்திருக்கலாம். கேற்றுவரை, ஒரு நாற்பது அடி, அவர் சந்தோசமாக நடந்திருப்பார். நான் தாளில் இருந்த பெயரையே வாசித்தேன்.

முடிந்ததும் அப்பா கையை நீட்டி என்னைப் பெட்டியிலிருந்து இறக்கினார்.

"சரி. நீ ஒழுங்காத்தான் வாசிக்கிறாய்," என்றார்.

உள்ளே போகிறவர்களுக்கு வழியை மறிக்க வேண்டாம் என்று கேற்றில் நின்றவன் சத்தம் போட்டான். அப்பா என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு ஒதுங்கினார். வேலைக்குப் போகிற நேரம் அது. வீட்டுக்குப் போகிற நேரம் இல்லை. எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.